வெள்ளைக்கல் முதல் கொலுசு வெள்ளி வரை: எலக்ட்ரான் அமைப்பில் பிழை பிடிக்கும் வழிமுறை

சேலத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் தனிம வரிசை அட்டவணையில் ஒரு நல்ல பங்கு அதற்குள் வந்துவிடும். வெள்ளைக்கல் சுரங்கங்களில் மெக்னீசியம். சேர்வராயன் மலையின் மேட்டுப் பரப்புகளில் பாக்சைட்டாக அலுமினியம். கஞ்சமலையில் மேக்னடைட்டாக இரும்பு. அதன் அடிவாரத்து உருக்காலையில் உருளும் எவர்சில்வர் தகட்டுக்குள் குரோமியமும் நிக்கலும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் கொலுசாகும் வெள்ளி. அணு எண்கள் 12, 13, 24, 26, 28, 47. பதினோராம் வகுப்பில் எலக்ட்ரான் அமைப்பு எழுதும்போது வழக்கமாக வரும் பிழைகள் எல்லாமே இந்த ஆறு தனிமங்களிலும் அவற்றின் அக்கம்பக்கத்திலும் தலைகாட்டிவிடும். அதனால் இவற்றையே இங்கே உரைகல்லாக வைத்துக்கொள்கிறோம்.

உங்கள் விடையில் தெரிகிற கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: அணு எண் போட்ட தனிம அட்டவணை, பென்சில், கீழே உள்ள நிரப்பு வரிசை.

1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி, 5எஸ், 4டி, 5பி, 6எஸ், 4எஃப், 5டி, 6பி, 7எஸ், 5எஃப், 6டி, 7பி.

எஸ் துணைக்கூட்டில் ஓர் ஆர்பிட்டால், பி-யில் மூன்று, டி-யில் ஐந்து, எஃப்-இல் ஏழு. ஓர் ஆர்பிட்டாலுக்கு இரண்டு எலக்ட்ரான் என்பதால் கொள்ளளவு முறையே 2, 6, 10, 14. நாம் எழுதுவது அடி ஆற்றல் நிலையை, அதாவது வாயு நிலையில் தனித்து இருக்கும் ஓர் அணு கொள்ளக்கூடிய மிகக் குறைந்த ஆற்றல் நிலையை. 'வாயு நிலையில்', 'தனித்து' என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிட்டு வையுங்கள். கடைசித் தலைப்பில் அவை தேவைப்படும்.

அறிகுறி: துணைக்கூடுகளின் தலையில் எழுதிய எலக்ட்ரான் எண்ணிக்கைகளைக் கூட்டினால் அணு எண் வரவில்லை

எந்த விடைக்கும் முதல் சோதனை இதுதான். சுருக்கமுறையில் (முந்தைய தொடரின் மந்த வாயுவை அடைப்புக்குள் போட்டு) எழுதும்போது கூட்டல் அதிகம் தவறுகிறது. வெள்ளிக்கு [ஆர்கான்] 4டி¹⁰ 5எஸ்¹ என்று எழுதியிருந்தால் கூட்டிப் பாருங்கள்: 18 + 11 = 29. அது வெள்ளியின் எண்ணிக்கை அல்ல, தாமிரத்தினுடையது. வெள்ளி ஐந்தாம் தொடரில் இருக்கிறது. அடைப்புக்குள் வர வேண்டியது நான்காம் தொடரின் கடைசித் தனிமமான கிரிப்டான், 36. 36 + 11 = 47, சரி.

கூட்டலில் பிடிபடாத ஒரு பிழையும் உண்டு. துத்தநாகத்துக்கு [ஆர்கான்] 4எஸ்² 4டி¹⁰ என்று எழுதினால் கூட்டுத்தொகை 30 சரியாகவே வரும், விடை தப்பு. தொடர் எண் எதுவோ அதுவே எஸ், பி இரண்டுக்கும் முன் எண். டி-க்கு அதில் ஒன்று குறையும், எஃப்-க்கு இரண்டு குறையும். நான்காம் தொடரில் 4எஸ், 3டி, 4பி. ஆறாம் தொடரில் 6எஸ், 4எஃப், 5டி, 6பி. கூட்டல் சரியாக வந்த பிறகும் இந்த முன் எண்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அயனி என்றால் அணு எண்ணிலிருந்து நேர்மின்சுமையைக் கழித்து, எதிர்மின்சுமையைக் கூட்டி ஒப்பிட வேண்டும். பெரிக் அயனியில் (இரும்பு 3+) 26 − 3 = 23 எலக்ட்ரான்.

அறிகுறி: பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்றும் கால்சியத்துக்கு 2, 8, 10 என்றும் வருகிறது

கீழ் வகுப்பில் படித்த 2, 8, 18, 32 என்ற கணக்கின் எச்சம் இது. மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான் கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் கொள்ளளவு வேறு, நிரம்பும் முறை வேறு. 18 நிரம்பிய பிறகுதான் நான்காம் கூடு திறக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

திருத்தும் வழி: முதன்மைக் குவாண்டம் எண்ணையும் (கூட்டின் எண், 3டி-யில் 3) கோண உந்தக் குவாண்டம் எண்ணையும் (துணைக்கூட்டின் எண்) கூட்டுங்கள். எஸ்-க்கு 0, பி-க்கு 1, டி-க்கு 2, எஃப்-க்கு 3. கூட்டுத்தொகை குறைந்தது முதலில் நிரம்பும். தொகை சமமானால் முதன்மை எண் சிறியது முதலில். 4எஸ்: 4 + 0 = 4. 3டி: 3 + 2 = 5. 4பி: 4 + 1 = 5. ஆகவே 4எஸ், பிறகு 3டி, பிறகு 4பி. பொட்டாசியம் [ஆர்கான்] 4எஸ்¹, அதாவது 2, 8, 8, 1.

விதி மனப்பாடம் ஆனாலும் ஏன் என்று தெரியாவிட்டால் பின்னால் அயனிப் பகுதியில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் மற்ற எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பை எவ்வளவு மறைக்கின்றன என்று தோராயமாகக் கணக்கிடும் ஸ்லேட்டர் முறையில் ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். பொட்டாசியத்தின் கடைசி எலக்ட்ரானை 4எஸ்-இல் வைக்கிறோம். அதற்கு முந்தைய கூட்டில் உள்ள 8 எலக்ட்ரானும் தலைக்கு 0.85 வீதம் 6.8 மறைக்கின்றன. அதற்கும் உள்ளே இருக்கும் 10 எலக்ட்ரானும் தலைக்கு 1 வீதம் 10 மறைக்கின்றன. மொத்த மறைப்பு 16.8. கடைசி எலக்ட்ரான் உணரும் செயலுறு மின்சுமை 19 − 16.8 = 2.2. அதையே 3டி-யில் வைத்தால் உள்ளே இருக்கும் 18-உம் முழுதாக மறைக்கின்றன. மிச்சம் 1 மட்டுமே.

ஆற்றல் = −13.6 × (செயலுறு மின்சுமை ÷ செயலுறு குவாண்டம் எண்)² எலக்ட்ரான் வோல்ட். நான்காம் கூட்டுக்கு வகுக்கும் எண் 3.7, மூன்றாம் கூட்டுக்கு 3. 4எஸ்-க்கு −4.8, 3டி-க்கு −1.5 என்று வரும். அளந்து கண்ட அயனியாக்கும் ஆற்றல் 4.34 எலக்ட்ரான் வோல்ட். தோராய முறைக்கு இது நல்ல நெருக்கம். 4எஸ் எலக்ட்ரான் அவ்வப்போது அணுக்கருவை ஒட்டி வந்துபோகிறது, அதனால் மறைப்பு குறைகிறது. 3டி எலக்ட்ரானுக்கு அந்த ஊடுருவல் இல்லை. பொட்டாசியத்தில் 4எஸ் கீழே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு சிறு திருத்தம். இந்த நிரப்பு முறையை 'ஆஃபா என்ற அறிவியலாளர் கண்டுபிடித்த தத்துவம்' என்று எழுதும் விடைகள் உண்டு. ஆஃபா ஓர் ஆள் அல்ல. ஜெர்மன் மொழியில் 'கட்டி எழுப்புதல்' என்று பொருள்படும் சொல் அது. பௌலியும் ஹூண்டும்தான் ஆட்கள். இருவர் விதிகளும் 1925-ஐ ஒட்டி வந்தவை.

அறிகுறி: அமைப்பு சரி, பெட்டிப் படத்தில் மதிப்பெண் போகிறது

நைட்ரஜனின் 2பி³-க்கு [↑↓] [↑] [ ] என்று வரைந்தால் ஹூண்ட் விதி மீறல். [↑] [↑] [↓] என்று வரைந்தாலும் மீறல்தான். இந்த இரண்டாவதுதான் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. ஏற்காடு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் முதலில் தனித்தனி சீட்டில் உட்காருவார்கள் என்ற உவமையை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். அந்த உவமை விதியில் பாதியைத்தான் சொல்கிறது. தனித்தனிப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது முதல் பாதி. தனியாக இருக்கும் அத்தனை எலக்ட்ரானுக்கும் தற்சுழற்சி ஒரே திசையில் இருக்க வேண்டும் என்பது இரண்டாம் பாதி. அடி ஆற்றல் நிலையைத் தீர்மானிப்பதில் இந்த இரண்டாம் பாதிக்குத்தான் கனம் அதிகம். ஆகவே [↑] [↑] [↑].

மூன்றையும் [↓] [↓] [↓] என்று வரைந்தால் தப்பா? தப்பில்லை. எல்லாம் ஒரே திசையில் இருந்தால் போதும். ஒற்றை எலக்ட்ரானை இடப்பக்கப் பெட்டியில் போடாமல் நடுப்பெட்டியில் போட்டாலும் தப்பில்லை. மூன்றும் சம ஆற்றல் கொண்டவை, 2பி-யின் எக்ஸ் பெட்டிக்கு முன்னுரிமை எதுவும் கிடையாது. தேர்வுத்தாளில் மட்டும் இடமிருந்து வலமாக, மேல்நோக்கிய அம்பில் தொடங்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். திருத்துகிறவர் தயங்க மாட்டார்.

ஒரே பெட்டியில் [↑↑] என்று இருந்தால் கதை வேறு. அது ஆற்றல் கூடிய நிலைகூட அல்ல, பௌலி தவிர்க்கைத் தத்துவப்படி இருக்கவே முடியாத நிலை. இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு மதிப்பெண் கேள்விகளில் அடிக்கடி வரும். பெரிலியத்துக்கு 1எஸ்² 2எஸ்¹ 2பி¹ என்பது கிளர்வுற்ற நிலை, நடக்கக்கூடியது. 1எஸ்² 2எஸ்³ என்பது நடக்கவே முடியாதது. நிரப்பு வரிசையையோ ஹூண்ட் விதியையோ மீறினால் கிளர்வுற்ற நிலை கிடைக்கும். பௌலியை மீறினால் ஒன்றுமே கிடைக்காது.

சரிபார்க்க ஓர் அளவீடு: முதல் அயனியாக்கும் ஆற்றல் நைட்ரஜனுக்கு 1402 கிலோஜூல்/மோல், ஆக்சிஜனுக்கு 1314. அணுக்கரு மின்சுமை கூடியும் ஆக்சிஜனில் எலக்ட்ரானை எடுப்பது எளிதாகிறது. நான்காவது 2பி எலக்ட்ரான் ஏற்கெனவே ஆள் இருக்கும் பெட்டியில் ஜோடி சேர வேண்டியிருப்பதால் விலக்கம் கூடுகிறது. நைட்ரஜனில் ஜோடி போட்டு வரைந்த படம் இந்த இறக்கத்தை விளக்காது.

அறிகுறி: குரோமியம், தாமிரம், வெள்ளி மூன்றும் விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை

நீங்கள் விதிப்படி எழுதியிருக்கிறீர்கள், அணு விதிப்படி நடக்கவில்லை. நிரப்பு வரிசை குரோமியத்துக்கு 3டி⁴ 4எஸ்² என்கிறது. நிறமாலையில் கண்டது [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹. தாமிரம் 3டி⁹ 4எஸ்² அல்ல, 3டி¹⁰ 4எஸ்¹. வெள்ளி 4டி⁹ 5எஸ்² அல்ல, [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்¹.

குரோமியத்துக்கான காரணத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒரே திசையில் தற்சுழலும் எலக்ட்ரான்களில் எந்த இரண்டும் ஒன்றின் இடத்தை மற்றொன்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட ஒவ்வொரு ஜோடியும் ஆற்றலைக் கொஞ்சம் குறைக்கிறது. இதுதான் பரிமாற்ற ஆற்றல். 3டி⁴-இல் 4 × 3 ÷ 2 = 6 ஜோடிகள். 3டி⁵-இல் 5 × 4 ÷ 2 = 10 ஜோடிகள். கூடவே 4எஸ்-இல் இரண்டு எலக்ட்ரான் ஒரே ஆர்பிட்டாலில் நெருங்கியிருக்கும் விலக்கமும் இல்லாமல் போகிறது. 4எஸ், 3டி இரண்டின் ஆற்றலும் இந்த இடத்தில் மிக அருகருகே இருப்பதால் இந்தச் சிறு லாபம் போதுமானதாகிறது. கடைசி வாக்கியத்தை விடையில் எழுத மறக்காதீர்கள். 'பாதி நிரம்பினால் நிலைப்புத்தன்மை' என்று மட்டும் எழுதினால் அது பாதி விடை.

அணு எண் 36 வரை விதிவிலக்கு இரண்டே இரண்டு: 24, 29. தயங்காமல் மனப்பாடம் செய்துவிடலாம். ஐந்தாம் தொடரின் டி வரிசையில் ஆறு: நியோபியம் 4டி⁴ 5எஸ்¹, மாலிப்டினம் 4டி⁵ 5எஸ்¹, ருத்தேனியம் 4டி⁷ 5எஸ்¹, ரோடியம் 4டி⁸ 5எஸ்¹, பல்லேடியம் 4டி¹⁰ (5எஸ் காலி), வெள்ளி 4டி¹⁰ 5எஸ்¹. இதில் நியோபியம், ருத்தேனியம், ரோடியம் மூன்றும் பாதியும் இல்லை, முழுதும் இல்லை. குரோமியத்துக்குச் சொன்ன காரணத்தை அப்படியே இவற்றுக்கு ஒட்ட வைக்காதீர்கள். இங்கே நிறமாலை அளவீட்டை ஏற்றுக்கொண்டு எழுதுவதுதான் நேர்மை.

அறிகுறி: அந்த விதிவிலக்கு எல்லாத் தனிமத்துக்கும் பரவிவிட்டது

குரோமியம் படித்த மறுநாளே வரும் கோளாறு இது. கார்பனுக்கு 2எஸ்¹ 2பி³ என்றும், அலுமினியத்துக்கு 'இணைதிறன் 3 ஆயிற்றே' என்று 3எஸ்¹ 3பி² என்றும் எழுதுவது. டங்ஸ்டனுக்கு 5டி⁵ 6எஸ்¹ போடுவதும் இதே வகைதான். அது குரோமியத்தின் தொகுதியிலேயே இருந்தும் [செனான்] 4எஃப்¹⁴ 5டி⁴ 6எஸ்² என்றே இருக்கிறது.

எஸ்-இலிருந்து அதே கூட்டின் பி-க்கு ஓர் எலக்ட்ரானைத் தூக்க ஆகும் செலவு பெரியது, பரிமாற்ற ஆற்றல் அதை ஈடுகட்டாது. 4எஸ்-க்கும் 3டி-க்கும் இடையில் இருக்கும் நெருக்கம் அங்கே இல்லை. ஆகவே எஸ், பி தொகுதித் தனிமங்களில் அடி ஆற்றல் நிலைக்கு இந்த விதிவிலக்கைத் தொடவே கூடாது. கார்பன் நான்கு பிணைப்பு உண்டாக்குவதை விளக்கும்போது 2எஸ்¹ 2பி³ வரும். அது பிணைப்பு உருவாகும்போது பேசும் நிலை, தனி அணுவின் அடி ஆற்றல் நிலை அல்ல.

அலுமினியத்தில் சந்தேகம் இருந்தால் அடுத்தடுத்த அயனியாக்கும் ஆற்றல்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், கிலோஜூல்/மோல் அலகில்: 578, 1817, 2745, 11577. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே நான்கு மடங்குப் பாய்ச்சல். வெளிக்கூட்டில் மூன்று எலக்ட்ரான் என்று அது சொல்கிறது. பக்கத்தில் மெக்னீசியத்தை வையுங்கள்: 738, 1451, 7733. இங்கே பாய்ச்சல் இரண்டுக்குப் பிறகு வருகிறது, 3எஸ்². இப்போது முதல் எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். அணுக்கரு மின்சுமை ஒன்று கூடியும் அலுமினியத்தின் 578, மெக்னீசியத்தின் 738-ஐ விடக் குறைவு. பாக்சைட்டில் இருக்கும் தனிமத்தின் கடைசி எலக்ட்ரான் 3எஸ்-ஐ விட மேலே, 3பி-யில் ஒற்றையாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இணைதிறன் 3 என்பது 3பி-யில் ஒன்றும் 3எஸ்-இல் இரண்டும் சேர்ந்து வெளியேறுவதால் வருவது. மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

அறிகுறி: குவாண்டம் எண் தொகுப்பு தப்பு என்று அடிக்கப்படுகிறது

மூன்றே சோதனை. கோண உந்த எண் (எல்) எப்போதும் முதன்மை எண்ணைவிடச் சிறியது. ஆகவே 3எஃப், 2டி கிடையாது. காந்தக் குவாண்டம் எண் −எல் முதல் +எல் வரை மட்டும். தற்சுழற்சி +½ அல்லது −½ மட்டும். வெள்ளியின் 5எஸ் எலக்ட்ரானுக்கு 5, 0, 0, +½ என்று எழுதலாம். −½ என்றாலும் சரி. குரோமியத்தில் எல் = 1 உள்ளவை எத்தனை, எல் = 2 உள்ளவை எத்தனை என்ற கேள்விக்கு 12, 5 (2பி⁶ + 3பி⁶, 3டி⁵). 12, 4 என்று வந்தால் குரோமியத் தலைப்புக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: நடுநிலை அணு சரி, அயனி தப்பு

அதிக நேரம் செலவிட வேண்டிய கோளாறு இது. பெரிக் அயனிக்கு 3டி³ 4எஸ்² என்றும், நிக்கலின் 2+ அயனிக்கு 3டி⁶ 4எஸ்² என்றும் விடை வருகிறது. யோசனை இப்படி ஓடியிருக்கும்: 'கடைசியாக 3டி நிரம்பியது, ஆகவே முதலில் 3டி காலியாகும்.'

நிரப்பு வரிசையை ஓர் அணுவின் வாழ்க்கை வரலாறாகப் படிப்பதிலிருந்து இது வருகிறது. ஓர் இரும்பு அணு முதலில் 4எஸ்-ஐ நிரப்பிக்கொண்டு பிறகு 3டி-க்குப் போனதில்லை. ஆர்கானிலிருந்து பொட்டாசியம், கால்சியம், ஸ்காண்டியம் என்று ஒவ்வொரு தனிமமாகத் தாண்டும்போது அணுக்கருவிலும் ஒரு புரோட்டான் கூடுகிறது. நிரப்பு வரிசை அந்தத் தாண்டலுக்கானது. அயனியாகும்போது அணுக்கரு அப்படியே இருக்கிறது, 26 புரோட்டானும் அங்கேயே. அந்த 26-இன் கீழ் எந்த எலக்ட்ரான் தளர்வாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

பொட்டாசியத்துக்குப் போட்ட அதே ஸ்லேட்டர் கணக்கை இரும்புக்குப் போடுங்கள். ஒரு 4எஸ் எலக்ட்ரானுக்கு: கூட இருக்கும் இன்னொரு 4எஸ் 0.35, மூன்றாம் கூட்டின் 14 எலக்ட்ரான் × 0.85 = 11.9; உள்ளே 10 × 1 = 10. மொத்தம் 22.25, மிச்சம் 3.75. ஒரு 3டி எலக்ட்ரானுக்கு: மற்ற ஐந்து 3டி × 0.35 = 1.75; உள்ளே 18 × 1 = 18. மொத்தம் 19.75, மிச்சம் 6.25. ஆற்றல் 4எஸ்-க்கு சுமார் −14, 3டி-க்கு சுமார் −59 எலக்ட்ரான் வோல்ட். எண்களின் பருமனை நம்ப வேண்டாம். இரும்பின் உண்மையான முதல் அயனியாக்கும் ஆற்றல் 7.9 எலக்ட்ரான் வோல்ட்தான். நம்ப வேண்டியது வரிசையை. பொட்டாசியத்தில் மேலே இருந்த 3டி, இரும்புக்கு வருவதற்குள் 4எஸ்-க்குக் கீழே இறங்கிவிட்டது. புரோட்டான் கூடக்கூட 3டி வேகமாக உள்ளே இழுக்கப்படுகிறது. ஸ்காண்டியத்திலேயே இது தெரியும்: அதன் 2+ அயனியில் எஞ்சும் ஒற்றை எலக்ட்ரான் 4எஸ்-இல் இல்லை, 3டி-யில் இருக்கிறது.

செய்ய வேண்டியது:

முதலில் நடுநிலை அணுவை நிரப்பு வரிசைப்படி எழுதுங்கள். விதிவிலக்கா என்று பாருங்கள். பிறகு அதையே முதன்மை எண் வரிசையில் மாற்றி எழுதுங்கள்: இரும்பு ... 3பி⁶ 3டி⁶ 4எஸ்². இப்போது வலக்கோடியிலிருந்து எடுங்கள். பெரஸ் (இரும்பு 2+) 3டி⁶. பெரிக் 3டி⁵. நிக்கல் 2+ 3டி⁸. குரோமியம் 3டி⁵ 4எஸ்¹-இல் மூன்றை எடுத்தால் 3டி³. தாமிரம் 1+ 3டி¹⁰, 2+ 3டி⁹. முதன்மை எண் வரிசையில் மாற்றி எழுதும் அந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால்தான் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. நேரமில்லை என்றாலும் அதை விடாதீர்கள்.

விடையைச் சோதிக்கக் காந்தத் திருப்புத்திறன் (அயனியின் காந்த வலிமையின் அளவு) இருக்கிறது. ஜோடி சேராத எலக்ட்ரான் எண்ணிக்கையை அதைவிட இரண்டு கூடிய எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஒன்றுக்கு 1.73, இரண்டுக்கு 2.83, மூன்றுக்கு 3.87, நான்குக்கு 4.90, ஐந்துக்கு 5.92 போர் மேக்னட்டான். உயர் சுழற்சி (தனி எலக்ட்ரான்கள் அதிகபட்சமாக நிற்கும்) பெரிக் சேர்மங்களில் அளந்தால் சுமார் 5.9 கிடைக்கிறது, ஐந்து தனி எலக்ட்ரான், 3டி⁵. தப்பாக எழுதிய 3டி³ 4எஸ்² மூன்றையே தரும், 3.87. நிக்கலிலும் இதே பிரிவு: சரியான 3டி⁸ இரண்டைத் தரும், தப்பான 3டி⁶ 4எஸ்² நான்கைத் தரும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா அயனியிலும் இந்தச் சோதனை பிழையைக் காட்டிக்கொடுக்காது. பெரஸ் அயனியில் சரியான 3டி⁶-உம் நான்கு, தப்பான 3டி⁴ 4எஸ்²-உம் நான்கு. குரோமியத்தின் 3+ அயனியிலும் சரியான 3டி³ மூன்று, தப்பான 3டி² 4எஸ்¹-உம் மூன்று. 'காந்த மதிப்பு ஒத்துவந்தது, ஆகவே அமைப்பு சரி' என்று இந்த இரண்டில் முடிவு கட்டக்கூடாது. கஞ்சமலை மேக்னடைட்டில் ஒரு பெரஸ் அயனிக்கு இரண்டு பெரிக் அயனி வீதம் இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டுக்கும் எழுதிப் பழகுங்கள்: 3டி⁶ ஒன்று, 3டி⁵ இரண்டு.

அறிகுறி: அமைப்பு சொல்வதும் காந்தம் சொல்வதும் முரண்படுகின்றன

சமையலறை எவர்சில்வரில் ஒரு முக்கிய வகை சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது. மிச்சம் பெரும்பாலும் இரும்பு. குரோமிய அணுவில் ஆறு தனி எலக்ட்ரான், இரும்பில் நான்கு, நிக்கலில் இரண்டு. ஆனால் அந்த வகைத் தட்டில் காந்தத்தை வைத்தால் ஒட்டுவதில்லை. பக்கத்தில் இருக்கும் இரும்பு வாணலியில் டப்பென்று ஒட்டுகிறது. கணக்கு எங்கே தப்பு?

கணக்கில் தப்பில்லை, ஒப்பிட்டதில்தான் தப்பு. காந்தம் இழுத்து ஒட்டுவது ஃபெர்ரோ காந்தத்தன்மை. கோடிக்கணக்கான அணுக்கள் ஒரு படிகத்துக்குள் கூட்டாகச் சேர்ந்து காட்டும் குணம் அது. நிக்கல் சேர்ந்ததால் எவர்சில்வரின் படிக அமைப்பு மாறிவிடுகிறது, அந்த ஒழுங்கு அறை வெப்பநிலையில் ஏற்படுவதில்லை. தனி அணுவின் பெட்டிப் படத்தைக் கொண்டு தட்டின் காந்தத்தைச் சொல்லவும் முடியாது, தட்டைக் கொண்டு படத்தைத் திருத்தவும் கூடாது. மடித்து வளைத்த விளிம்பில் மட்டும் லேசாக ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்நிலையில் வளைக்கும்போது அந்த இடத்தில் படிக அமைப்பு கொஞ்சம் மாறுகிறது. அணுவின் எலக்ட்ரான் எண்ணிக்கை மாறவில்லை.

மெக்னீசியமும் வெள்ளியும் இன்னும் குழப்பும். மெக்னீசிய அணுவில் 3எஸ்², தனி எலக்ட்ரானே இல்லை. ஆனால் மெக்னீசிய உலோகம் மெல்லிய பாரா காந்தத்தன்மை உடையது, அதாவது காந்தம் அதை லேசாக இழுக்கும். வெள்ளி அணுவில் 5எஸ்¹ ஒன்று தனியாக இருக்கிறது. ஆனால் வெள்ளி உலோகம் டயா காந்தத்தன்மை உடையது, அதாவது காந்தம் அதை லேசாக விலக்கும். உலோகத்தில் வெளி எலக்ட்ரான்கள் தத்தம் அணுவோடு நிற்பதில்லை, துண்டு முழுவதற்கும் பொதுவாகிவிடுகின்றன. தொடக்கத்தில் அடிக்கோடிட்ட 'வாயு நிலையில்', 'தனித்து' என்ற சொற்களின் வேலை இங்கேதான்.

வெள்ளியின் 5எஸ்¹-ஐ உண்மையில் பார்க்க வேண்டுமானால் உலோகத்தை ஆவியாக்கி, அணுக்களைப் பிரித்து, ஒரு கற்றையாக அனுப்ப வேண்டும். ஓட்டோ ஸ்டெர்னும் வால்தர் கெர்லாக்கும் 1922-இல் பிராங்பர்ட்டில் அதைத்தான் செய்தார்கள். உலையில் சூடாக்கிய வெள்ளி ஆவியை, ஒரு முனையில் வலுவாகவும் மறுமுனையில் மெலிதாகவும் இருக்கும் காந்தப் புலத்தின் ஊடே செலுத்தினார்கள். கண்ணாடித் தகட்டில் வெள்ளி படிந்த தடம் இரண்டாகப் பிரிந்தது. நிரம்பிய 4டி¹⁰ எந்தப் பக்கமும் இழுக்காது. ஒற்றை 5எஸ் எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கு இரண்டே நிலை, +½, −½. அதற்கு இரண்டு தடம். தற்சுழற்சி என்ற கருத்தே 1925-இல்தான் வந்தது, ஆகவே அந்தத் தடத்தின் முழுப் பொருள் சில ஆண்டுகள் கழித்தே தெளிந்தது.

ஆகவே அமைப்பைச் சரிபார்க்கும்போது எதை எதோடு ஒப்பிடலாம் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். தனி அணுவுக்கு அயனியாக்கும் ஆற்றலும் நிறமாலையும். அயனிக்கு அதன் சேர்மத்தில் அளந்த காந்தத் திருப்புத்திறன். வீட்டுப் பாத்திரமும் கொலுசும் எந்தத் தனிமம் என்று நினைவூட்டுவதற்கு மட்டும்.